ஒரு கீழ்க்கோடு குறைந்த கதை

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் 42 வரி ப்ரோகிராம் கோடை அழித்துவிட்டு, செட்டிங் எழுதும் கான்ஃபிக் ஃபைலில் ஒரே ஒரு வரி எழுதினேன். டெஸ்ட் அத்தனையும் பச்சை. ஏழு மணிக்கு டெப்ளாய் ஆனது, அதாவது புதுக் கோடு வாடிக்கையாளர்களுக்கு ஓடத் தொடங்கியது. இரவு பத்தரைக்கு மடிவாளாவில் திண்டுக்கல் பஸ் பிடிக்க வேண்டும் என்பதால் பி.டி.எம். லேஅவுட் பி.ஜி.க்கு ஓடிப்போய்ப் பையை எடுத்தேன். பஸ் சில்க் போர்டைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை டெப்ளாய் பண்ணிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கியது அதுதான் கடைசி.

எங்களுடையது எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் ஒரு சின்ன கம்பெனி. சிக்பேட், அவென்யூ ரோடு பக்கத்துக் கடைக்காரர்கள் பார்சல் புக் பண்ணுவார்கள். நாங்கள் லேபிளுக்கு வேண்டிய விவரத்தை டெலிவரி பார்ட்னருக்கு அனுப்புவோம், அவர்கள் ஆள் வந்து எடுத்துக்கொண்டு போவார். நான் ஜாவா, ஸ்பிரிங் பூட் வைத்து சர்வர் கோடு எழுதும் பக்கம். எனக்கு மேலே இருந்தவர் கே.ஜி.எஃப். தமிழர். தாத்தா காலத்திலேயே தங்கச் சுரங்கத்துக்கு வந்த குடும்பம். அவர் பேசும் தமிழில் பாதி கன்னடம் இருக்கும், ஆனால் அவர் எழுதிய கோடில் ஒரு குழப்பமும் இருக்காது. அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். நான் அழித்த 42 வரி அவர் எழுதியது.

மேலே போவதற்கு முன் ஒரு சிக்கல். இந்தக் கதை முழுக்கப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து சம்பந்தப்பட்டது. தமிழில் அந்தச் சமாச்சாரமே கிடையாது. கோடில் ஒரு தகவலுக்கு வைக்கும் பெயரைச் சேர்த்தெழுதும் முறை இரண்டு. கேமல் கேஸில் முதல் சொல்லைத் தவிர ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கி ஒட்டகத் திமில் மாதிரி எழும்பி நிற்கும். அதைக் காட்ட, பெரிய எழுத்து வரும் இடத்துக்கு முன்னால் ^ போடுகிறேன். பார்க்கவும் திமில் மாதிரியே இருக்கிறது. ஆக, ஜாவாவில் அட்ரஸ்^லைன்1. ஸ்னேக் கேஸில் எல்லாம் சின்ன எழுத்து, நடுவில் கீழ்க்கோடு: அட்ரஸ்_லைன்_1.

ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் ஆட்கள் ஒட்டகக் கட்சி. பைத்தான், ரூபி ஆட்கள் பாம்புக் கட்சி. ஜேசன் என்பது சிஸ்டங்கள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பும் எழுத்து வடிவம். அதற்கு இதில் கருத்தே கிடையாது. அதற்குப் பெயர் என்பது இரட்டை மேற்கோளுக்குள் இருக்கும் ஒரு ஸ்ட்ரிங், அவ்வளவுதான். ஒரு ஆப்ஜெக்டை (கோடுக்குள் தகவலை வைத்திருக்கும் பொட்டலம்) ஜேசனாக்கி அனுப்பும்போது எந்தக் கட்சிப் பெயர் போக வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

அண்ணாவின் 42 வரி அதைத்தான் செய்தது. ஒரு மேப்பை உருவாக்கி, பார்ட்னர் டாக்குமென்டில் இருந்த பெயர் ஒவ்வொன்றையும் கையால் எழுதி, எதிரே நம் ஆப்ஜெக்டின் மதிப்பைப் போட்டுக்கொண்டே போகும். அலுப்பான கோடு. எனக்கு அப்போது நாலு வருட அனுபவம். எந்தக் கோடைப் பார்த்தாலும் சுருக்கலாமே என்று கை அரிக்கும் பருவம். கூடவே திரைப் பக்கத்தை எழுதும் ஃபிரன்ட்எண்ட் பையன் ஒருவன், “பைத்தான் சர்வீஸ் ஸ்னேக்ல தருது, நீங்க கேமல்ல தர்றீங்க, ரெண்டையும் ஒண்ணாக்குங்க அக்கா” என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். ஸ்பிரிங் பூட்டில் ஆப்ஜெக்டை ஜேசனாக்கும் லைப்ரரி ஜாக்சன். அதற்கு நேமிங் ஸ்ட்ராட்டஜி என்று ஒரு செட்டிங் உண்டு. அதில் ஸ்னேக் கேஸ் என்று போட்டால் உள்ளே வரும், வெளியே போகும் பெயர் எல்லாம் தானாக மாறிவிடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை அம்மா தோசை சுட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணாவின் போன். “ஊர்லயாம்மா இருக்கே? லேபிள்ல டோர் நம்பர் வரலையாம். பார்சல் எடுத்துட்டுப் போன பசங்க ரோட்ல நிக்கிறாங்க.”

பெங்களூரில் டோர் நம்பர் இல்லாத முகவரி என்றால் என்ன என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ‘7ஆவது கிராஸ், 14ஆவது மெயின்’ என்று மட்டும் இருந்தால் அது ஒரு தெருமுனை, வீடு அல்ல. அந்த முனையில் நின்று பார்த்தால் நாலு பக்கமும் நாற்பது கட்டடம். எங்கள் லேபிளில் அட்ரஸ் லைன் 2 இருந்தது, பின்கோடு இருந்தது, போன் நம்பர் இருந்தது. டோர் நம்பர் இருக்க வேண்டிய லைன் 1 மட்டும் வெறும் இடம். 43 பார்சல்.

காரணம் ஒரே ஒரு கீழ்க்கோடு. ஜாக்சனின் ஸ்னேக் கேஸ், பெரிய எழுத்தைப் பார்த்துத்தான் பெயரைப் பிரிக்கும். எண்ணை அது தனிச் சொல்லாக மதிப்பதில்லை. அதனால் அட்ரஸ்^லைன்1 என்பது அட்ரஸ்_லைன்1 ஆகிறது. பார்ட்னர் கேட்பது அட்ரஸ்_லைன்_1. தெரியாத பெயர் வந்தால் அவர்கள் சிஸ்டம் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். லைன் 1-ஐ அவர்கள் கட்டாயமாக வைத்திருந்தால் பிழை என்றாவது திருப்பி அனுப்பியிருக்கும். வைக்கவில்லை. லைன் 2 மட்டும் எப்படி வந்தது என்கிறீர்களா? அந்த ஃபீல்டுக்கு எங்கள் பக்கமும் அவர்கள் பக்கமும் ‘ஸ்ட்ரீட்’ என்றுதான் பெயர். ஒற்றைச் சொல் எந்தக் கட்சியிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். இந்த மாதிரிப் பிழை பாதி மறைந்தே இருப்பதற்கு அதுதான் காரணம்: சிட்டி, ஸ்ட்ரீட், வெயிட், ஃபோன் எல்லாம் ஒழுங்காக வந்துவிடும். மேலோட்டமாகப் பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஃபிரன்ட்எண்டில் லோடாஷ் என்ற லைப்ரரியை வைத்துப் பெயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். லோடாஷ் எண்ணைத் தனிச் சொல்லாகப் பிரிக்கும் ஜாதி. சர்வரிலிருந்து அட்ரஸ்_லைன்1 போனால் அது சரியாக அட்ரஸ்^லைன்1 ஆகிவிடும். திரையில் எல்லாம் அழகாகத் தெரியும். யாராவது முகவரியைத் திருத்தி சேவ் பண்ணினால், அதே லோடாஷ் திருப்பி அனுப்பும்போது அட்ரஸ்_லைன்_1 என்று அனுப்பும். எங்கள் சர்வர் எதிர்பார்ப்பது அட்ரஸ்_லைன்1. ஸ்பிரிங் பூட்டில் தெரியாத பெயர் வந்தால் பிழை எழுப்பும் வசதி, சும்மா விட்டால் அணைந்தே இருக்கும். ஆகவே சர்வர் ஒன்றும் சொல்லாமல், இருந்த டோர் நம்பரை அழித்து வெறுமையைச் சேமித்தது. போன் நம்பரை மட்டும் திருத்த வந்தவர்கள் வீட்டு நம்பரை இழந்தார்கள். 11 பேர். பழைய மதிப்புகளைக் குறித்துவைக்கும் ஆடிட் டேபிள் இருந்ததால் மீட்டோம்.

இரண்டாவது அடி சிக்பேட்டிலிருந்து வந்தது. அந்தக் கடைக்காரர் சேலத்துக்காரர், பட்டு வியாபாரம். திங்கட்கிழமை காலை போனில் கத்தவில்லை. அது இன்னும் மோசம். “ஏம்மா, பார்சலைக் கொடுத்துட்டு காசு வாங்காமப் போயிட்டாங்களாம். வாங்கினவங்க ரொம்ப நல்லவங்க, அவங்களே போன் பண்ணி சொல்றாங்க” என்றார். 6 பார்சல், எல்லாம் கேஷ் ஆன் டெலிவரி.

இந்தக் கோளாறை முழுதாகப் புரிந்துகொள்ள எனக்கு அரை நாள் ஆனது. கிளாஸில் (ஆப்ஜெக்டின் அச்சு) ஃபீல்டு பெயர் இஸ்^சிஓடி, கேஷ் ஆன் டெலிவரியா என்று சொல்லும் பூலியன், அதாவது ஆம்-இல்லை வகை. கெட்டர் (மதிப்பை எடுத்துத் தரும் மெத்தட்) எழுத அலுப்பு என்று, அதைத் தானாக உருவாக்கும் லாம்பாக் போட்டிருந்தோம். பூலியன் பெயரிலேயே ‘இஸ்’ இருந்தால் லாம்பாக் அதன் முன்னால் இன்னொரு ‘இஸ்’ சேர்க்காது. மெத்தட் பெயரும் இஸ்^சிஓடி என்றே இருக்கும். சும்மா விட்டால் ஜாக்சன் ஃபீல்டைப் பார்ப்பதில்லை, மெத்தடைத்தான் பார்க்கிறது. ‘இஸ்’ என்றால் அது பூலியன் கெட்டரின் முன்னொட்டு என்று எடுத்துக்கொண்டு அதை வெட்டிவிட்டு, மிச்சத்தை மட்டும் பெயராக வைக்கும். ஆக இஸ்_சிஓடி போக வேண்டிய இடத்தில் வெறும் சிஓடி போனது. பார்ட்னருக்கு அது தெரியாத பெயர். இஸ்_சிஓடி வராததால் ‘பணம் முன்பே கட்டியாயிற்று’ என்று எடுத்துக்கொண்டார்கள். 42 வரிக் கோடு இதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை. அது இஸ்_சிஓடி என்று பச்சையாக எழுதிவைத்திருந்தது.

அன்றைக்கே ஒவ்வொரு பெயராக ஒப்பிட உட்கார்ந்தபோது மூன்றாவது ஒன்று சிக்கியது. இ-வே பில் நம்பர். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு நகர வேண்டுமென்றால் ஜி.எஸ்.டி.யில் அது வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்குக் கட்டாயம். ஓசூர் செக்போஸ்ட் பக்கம் லாரி ஓட்டுபவரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார். எங்கள் ஃபீல்டு இ^வே^பில். முதல் எழுத்து சின்னது, இரண்டாவது எழுத்தே பெரியது. இங்கேதான் வம்பு. நான் பயன்படுத்தும் எடிட்டர் கெட்டர் உருவாக்கினால் ஜாவா பீன் விதிப்படி கெட்இ^வே^பில் என்று எழுதும், இ சின்ன எழுத்தாகவே இருக்கும். லாம்பாக் உருவாக்கினால் கெட்^இ^வே^பில். ஜாக்சன் ‘கெட்’டை வெட்டிவிட்டு, தொடக்கத்தில் வரிசையாக இருக்கும் பெரிய எழுத்துகள் எல்லாவற்றையும் சின்னதாக்கும். முதலாவது வழியில் இ^வே^பில் கிடைக்கும், இரண்டாவது வழியில் இவே^பில். ஸ்னேக் ஆக்கினால் இ_வே_பில் ஒரு பக்கம், இவே_பில் இன்னொரு பக்கம். கெட்டரை அழித்து லாம்பாக் போடுவது கோடைச் சுத்தம் செய்யும் வேலை என்றுதான் எல்லோரும் நினைப்போம். வெளியே போகும் பெயரே அதில் மாறிவிடும் என்று யார் நினைப்பார்? நல்லவேளை, அந்த இரண்டு நாளில் 50,000-ஐத் தாண்டிய சரக்கு எதுவும் போகவில்லை.

ரெடிஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன், சின்னதுதான். ரேட் கார்டை ரெடிஸ் கேஷில் (அடிக்கடி வேண்டியதைத் தற்காலிகமாக வைக்கும் இடம், காசு அல்ல) ஜேசனாக வைத்திருந்தோம். அதற்கும் அதே மேப்பர், அதாவது ஜேசனாக எழுதவும் படிக்கவும் செய்யும் அதே ஜாக்சன் கருவி. டெப்ளாய்க்கு முன் எழுதியவை எல்லாம் பேஸ்^ரேட் என்று இருந்தன, டெப்ளாய்க்குப் பின் படிக்கும் கோடு பேஸ்_ரேட் தேடியது. அந்த ஃபீல்டு ப்ரிமிட்டிவ் டபுள் என்ற எண் வகை. கிடைக்காவிட்டால் ‘நல்’ (மதிப்பே இல்லை) கூட ஆகாது, 0 ஆகிவிடும். வெள்ளிக்கிழமை ராத்திரி கேஷ் காலாவதியாகும் வரை புக் பண்ணினவர்களுக்கு பார்சல் கட்டணம் பூஜ்யம். அவர்கள் யாரும் புகார் சொல்லவில்லை.

டெஸ்ட் எல்லாம் பச்சையாக இருந்ததே, எப்படி? இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆப்ஜெக்டை ஜேசனாக்கி, அதே ஜேசனைத் திரும்ப ஆப்ஜெக்டாக்கி, இரண்டும் சமமா என்று பார்த்திருந்தேன். எழுதுவதும் அதே மேப்பர், படிப்பதும் அதே மேப்பர். இரண்டும் சேர்ந்து என்ன பெயர் வைத்துக்கொண்டாலும் டெஸ்ட் பாஸ். திருடனையே சாட்சி சொல்லக் கூப்பிட்ட மாதிரி. இப்போது பார்ட்னர் தந்த மாதிரி ஜேசனை அப்படியே ஒரு ஃபைலாக, எங்கள் கோடு இருக்கும் ரெப்போவில் போட்டு, எங்கள் கோடு வெளியே தள்ளும் ஜேசனை அதோடு ஒப்பிடுகிறோம். பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் சிவப்பு. டெஸ்டில் மட்டும் தெரியாத பெயருக்குப் பிழை எழுப்பும் செட்டிங்கையும் போட்டு வைத்திருக்கிறோம்.

இந்தத் தானியங்கி மாற்றத்தை இரண்டு பக்கமும் போய்வரக்கூடிய பாலம் என்று நினைத்ததுதான் நான் செய்த அடிப்படைத் தப்பு. அது பாலம் இல்லை. போகும் வழியில் தகவல் கொட்டிவிடும். கஸ்டமர்^ஜி^எஸ்^டி^ஐ^என் என்று எல்லாம் பெரிய எழுத்தில் வைத்திருந்தால் ஜாக்சன் அதைக் கஸ்டமர்_ஜிஎஸ்டிஐஎன் ஆக்கும். எங்கள் பழைய சர்வீஸ் ஒன்று ஜிசான் லைப்ரரியில் ஓடியது. அது பெரிய எழுத்து ஒவ்வொன்றுக்கும் கீழ்க்கோடு போட்டு கஸ்டமர்_ஜி_எஸ்_டி_ஐ_என் ஆக்கும். ஜாக்சன் தந்ததைத் திருப்பி ஒட்டகமாக்கினால் ^ஜி மட்டும்தான் பெரிதாகும், மற்ற நாலும் சின்ன எழுத்தாகிப்போகும். எது சரி என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஒரு வழக்கம்.

என் பெயருக்கு நடந்ததும் இதுதான். ஊரில் எனக்கு ஒரு இனிஷியல், ஒரு பெயர். பெங்களூரில் சேர்ந்த முதல் நாள் எச்.ஆர். ஃபார்மில் லாஸ்ட் நேம் கட்டாயம் என்றார்கள். அப்பா பெயரை எழுதினேன். மெயில் ஐடி அப்பா பெயரில் தொடங்கியது. இன்றைக்கும் வெளியாட்கள் எங்கப்பா பெயரைப் போட்டு ‘டியர் சார்’ என்று எழுதுகிறார்கள். இனிஷியலாகச் சுருக்கினால் அதிலிருந்து அப்பாவை மீட்க முடியாது. விரித்து எழுதினால் யார் அப்பா, யார் பிள்ளை என்று தெரியாமல் போகிறது.

ஊரிலிருந்து திரும்பி வந்து அண்ணாவிடம் சொன்னேன், 42 வரியைத் திரும்பப் போட்டுவிடுகிறேன் என்று. அவர் வேண்டாம் என்றார். “அது அந்தக் காலத்து ஆளு எழுதினது. நீ அனோட்டேஷன்ல எழுது. ஆனா பேரை நீ எழுது, மெஷினை எழுத விடாதே.” அனோட்டேஷன் என்றால் ஃபீல்டுக்கு மேலே ஒட்டிவைக்கும் குறிப்பு. ஆபீஸ் கீழே டீக்கடையில் நின்று அவர் சொன்ன உதாரணம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பெங்களூர் சிட்டி ஸ்டேஷன் பெயரை மாற்றி கே.எஸ்.ஆர். பெங்களூரு ஆக்கிவிட்டார்கள். டிக்கெட்டில் கோடு இன்னும் எஸ்.பி.சி.தான். மெட்ராஸ் சென்னையாகி, சென்ட்ரலுக்கு எம்.ஜி.ஆர். பெயர் வைத்தும் ஆயிற்று. கோடு எம்.ஏ.எஸ். போர்டில் இருக்கும் பெயரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்று, சிஸ்டம் ஒன்றோடு ஒன்று பேசும் பெயரைத் தொடாதே என்றார். கிளாஸில் ஃபீல்டு பெயர் என்பது போர்டு. ஜேசன் பெயர் ஸ்டேஷன் கோடு.

ஆகவே இப்போது எங்களிடம் கம்பெனிக்கு வெளியே போகும் ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் தனி கிளாஸ் உண்டு. அதில் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் மேலே ஜேசன்ப்ராப்பர்ட்டி அனோட்டேஷனில் பெயர் கையால் எழுதியிருக்கும். பெயர் மாறாத சிட்டிக்கும் எழுதுகிறோம். இல்லையென்றால் நாளைக்கு யாராவது அதை டெஸ்டினேஷன்^சிட்டி என்று எடிட்டரில் மாற்றினால் வெளியேயும் மாறிவிடும். பார்ட்னருக்குத் தனி மேப்பர், கேஷுக்குத் தனி மேப்பர். ஒருவரின் செட்டிங் இன்னொருவரைத் தொடாது.

அதற்காக நேமிங் ஸ்ட்ராட்டஜியே பாவம் என்று சொல்ல வரவில்லை. நம் ஃபிரன்ட்எண்டும் நம் பேக்எண்டும் மட்டும் பேசிக்கொள்ளும் இடத்தில், முதல் நாளிலிருந்தே இருந்தால், அது நல்ல வசதிதான். ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் நடுவில் மாற்றுவதுதான் தப்பு. மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஜேசன்ஏலியாஸ் என்ற அனோட்டேஷன் கைகொடுக்கும். அது படிக்கும்போது மட்டும் வேலை செய்யும்: பழைய பெயர் வந்தாலும் எடுத்துக்கொள்ளும், எழுதும்போது புதுப் பெயர் மட்டும் எழுதும். நாங்கள் இரண்டு வாரம் இரண்டு பெயரையும் படித்து, பழைய பெயர் வருவது நின்றதை லாகில் பார்த்த பிறகுதான் ஏலியாஸை எடுத்தோம். கேஷைப் பொறுத்தவரை அந்தக் கஷ்டமும் வேண்டாம். கீ (தேடும் பெயர்) முன்னால் ஒரு வெர்ஷன் எண்ணைச் சேர்த்துவிட்டால் பழையதை யாரும் படிக்க மாட்டார்கள்.

ஃபிரன்ட்எண்ட் பையனின் ஃபங்ஷனில் இன்னொரு பள்ளம் இருந்தது. ஜேசனுக்குள் எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் எல்லா கீயையும் ஒட்டகமாக்கும். ஆனால் கீ எல்லாமே ஃபீல்டு பெயர் இல்லையே. ஆர்.டி.ஓ. கோடு வாரியாக லோக்கல் கட்டணம் அனுப்புவோம்: கேஏ_01 கோரமங்களா, கேஏ_51 எலக்ட்ரானிக் சிட்டி. அங்கே கீயே டேட்டா. லோடாஷ் கேஏ_51-ஐ கேஏ51 ஆக்கி, எல்லா எழுத்தையும் சின்னதாக்கி வைத்தது. தேடினால் கிடைக்காது, திரையில் ‘கட்டணம் இல்லை’. கடைசியில் அந்த மேப்பை லிஸ்டாக மாற்றினோம். ஒவ்வொரு வரிசையிலும் கோடு ஒரு மதிப்பு, கட்டணம் ஒரு மதிப்பு. மதிப்பை யாரும் ஒட்டகமாக்குவதில்லை.

பைத்தான் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பைடான்டிக் லைப்ரரியில் ஏலியாஸ் ஜெனரேட்டர் போட்டு ஒட்டகப் பெயர் வைத்திருந்தால், ஃபாஸ்ட்ஏபிஐ என்ற வெப் கருவி வழியாகப் போகும் பதிலில் ஏலியாஸ் (மாற்றுப் பெயர்) வரும். அதே ஆப்ஜெக்டை நீங்களே டம்ப் பண்ணி கியூவில் போட்டால், பை ஏலியாஸ் என்று சொல்லாத வரை பாம்புப் பெயர்தான் போகும். எங்கள் பைத்தான் டீம் இதில் ஒரு நாள் தொலைத்தது. கோ மொழி, படிக்கும்போது பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காமல் பொருத்திக்கொள்ளும், கீழ்க்கோட்டை மட்டும் மன்னிக்காது. ப்ரோட்டோபஃப் என்ற தகவல் வடிவம் இந்த விஷயத்தில் பெருந்தன்மை: ஜேசனாக எழுதும்போது ஒட்டகம், படிக்கும்போது இரண்டும் சரி.

சேலத்துக்காரரின் 6 பார்சல் பணத்தில் 5 வந்துவிட்டது. ஆறாவதைக் கம்பெனி கொடுத்தது. அவர் இன்னும் எங்கள் வாடிக்கையாளர்தான், தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸும் அனுப்புகிறார்.

போன வாரம் அந்த டெலிவரி பார்ட்னர் வெர்ஷன் 2 டாக்குமென்ட் அனுப்பியிருக்கிறார்கள். நாலாம் பக்கத்தில் பின்_கோட் என்று இருக்கிறது, ஒன்பதாம் பக்கத்தில் பின்கோட். எது சரி என்று கேட்டு மெயில் போட்டேன். நேற்று பதில் வந்தது: ‘டியர் சார், இரண்டில் எதையும் பயன்படுத்தலாம்.’ சாம்பிள் ஜேசன் ஒன்று அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.